வேலியோரத்து வாசகர் கேள்வி பதில்: தோட்டம், பறவை, கேமரா

கேள்வி: எங்களுக்கு இருப்பது கொறங்காடு, அதாவது மாடு மேயற நிலம் மட்டும்தானுங்க. யானை, மான் எல்லாம் பார்க்கணும்னா சத்தியமங்கலம் பக்கம் போகணும். இந்த வறண்ட காட்டில் படம் எடுக்க என்னங்க இருக்கு?
வாசகர், காங்கயம்

கொறங்காட்டை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டால் எப்படிங்க! சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், மாட்டுக்காகவே பெரியவர்கள் காத்து வைத்த இந்த அமைப்பு புல்வெளிப் பறவைகளுக்கும் அப்படியே பொருந்திப் போகிறது. கௌதாரி, காடை, வானம்பாடி, பனங்காடை, கொண்டலாத்தி, பஞ்சுருட்டான் எல்லாம் உங்கள் வேலிக்குள்ளேயே இருக்கும். கோடையில் கல் மேல் ஏறி நின்று தொண்டைத் தோலை விரித்துக் காட்டும் விசிறித்தொண்டை ஓணான் கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறு எதையும் தேட வேண்டாம். சத்தியமங்கலத்தில் ஜீப்பில் போய் யானையின் முதுகை மட்டும் எடுத்து வருவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

ஒரு யோசனை சொல்கிறேன். பஞ்சுருட்டானும் கரிச்சானும் பூச்சியைப் பிடிக்கப் பறந்து, பெரும்பாலும் கிளம்பின குச்சிக்கே திரும்பி வரும். பறவையைத் துரத்தாமல் அந்தக் குச்சிக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு உட்காருங்கள், அதுவாகவே வரும். நேராக அதை நோக்கி நடக்க வேண்டாம், வெயில் முதுகுக்குப் பின்னால் விழும்படி வேலியோரமாகக் குந்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, நடந்து வரும் ஆளைக் கண்டு ஓடுகிற பறவை டிராக்டரையும் மொபெட்டையும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்காமல் அதன் மேலிருந்தே எடுத்துப் பாருங்கள். உழவு ஓட்டும் நாளில் கலப்பைக்குப் பின்னால் உண்ணிக்கொக்கும் மைனாவும் கரிச்சானும் வரிசை கட்டி வரும், ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும்.

கேள்வி: கடலைக்காட்டில் ஆட்காட்டி முட்டை வைத்திருக்குதுங்க. கிட்டப் போனால் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்துது. எப்படி எடுக்கறதுங்க?
வாசகி, தாராபுரம்

அது எழுந்து கத்தினாலே நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்றுதான் பொருள். அப்படியே பின்னால் நகர்ந்துவிடுங்கள்.

இந்தப் பறவை கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறும் தரையில் சிறு குழி பறித்து, சுற்றி நாலு கல்லை வைத்து, பொதுவாக நான்கு முட்டை இடும். முட்டையின் நிறம் மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும், அதனால்தான் பக்கத்திலேயே நின்றும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும், குஞ்சு பொரிக்க நான்கு வாரம்போல ஆகும். நம் ஊர் வெயிலில் மத்தியானம் அது முட்டையைச் சூடாக்க உட்காரவில்லை, வெந்துவிடாமல் நிழல் கொடுக்க உட்கார்ந்திருக்கிறது. சில சமயம் வாய்க்காலிலோ குட்டையிலோ வயிற்று இறகை நனைத்து வந்து முட்டை மேல் அமரும். அந்த நேரத்தில் பத்து நிமிஷம் நாம் அதை எழுப்பி வைத்தால் நட்டம் முழுக்க அதற்குத்தான். நாம் குனிந்து பார்ப்பதைக் காக்கா எங்கேயாவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அதனால் காலையில் வெயில் ஏறுவதற்குள், தூரத்தில் வேலியோரம் உட்கார்ந்து, ஜூம் போட்டு எடுங்கள். பறவை நம்மைப் பார்த்துவிட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தால் தூரம் சரி. களை எடுக்க ஆள் வருவதாக இருந்தால் இடத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அடையாளத்துக்குக் குச்சி நட வேண்டுமென்றால் முட்டைக்குப் பக்கத்தில் நடாமல் நாலைந்து எட்டுத் தள்ளி நடுங்கள். பொரித்த கொஞ்ச நேரத்திலேயே குஞ்சுகள் ஓட ஆரம்பித்துவிடும், தாய் ஒரு குரல் கொடுத்தால் போதும், அப்படியே தரையோடு படுத்து அசையாது. அப்போது நடக்கிற இடத்தில் காலைப் பார்த்து வையுங்கள்.

கேள்வி: போன் மட்டும்தான் இருக்கு சார். முதலில் எந்தக் கேமரா வாங்கலாம்?
கல்லூரி மாணவர், பெருந்துறை

கேமராவுக்கு முன்னால் ஒரு பைனாகுலர் வாங்குங்கள் தம்பி, 8க்கு 42 அளவு, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. பறவை எந்த நேரத்துக்கு எந்தக் கொம்பில் உட்காருகிறது என்று தெரிந்தபிறகு எந்தக் கேமராவும் வேலை செய்யும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் லென்ஸ் மாற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள கேமரா ஒன்று பழசாகக் கிடைக்கிறதா பாருங்கள். 2015இல் வந்த நிக்கான் பி900 என்ற மாடலில் 83 மடங்கு ஜூம் உண்டு. சென்சார் சின்னது, பொழுது சாய்ந்தால் படம் பொறிப்பொறியாக வரும், ஆனால் காலை வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கும். உட்கார்ந்த பறவைக்கு 1/250 நொடி, பறக்கிறதுக்கு 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக ஷட்டர் வையுங்கள். ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து அனல் அலையடிக்க ஆரம்பித்தால் எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.

கேள்வி: மொபைலில் குரலை ஒலிக்கவிட்டால் பறவை பக்கத்தில் வருமாமே?
வாசகர், பல்லடம்

வரும். தன் எல்லைக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வரும். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியிடம் செலவழிக்கும். செய்யாதீர்கள்.

கேள்வி: மார்கழியில் எங்க தோட்டத்து மயில்கள் தோகை குட்டையாக இருக்கே, நோயா? தக்காளியைக் கொத்தறதில் மட்டும் ஒரு குறையும் இல்லைங்க!
வாசகி, உடுமலை

நோய் இல்லைங்க. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் மயில் நீண்ட இறகுகளை உதிர்த்துவிடும், பிறகு மெல்ல வளரும். நாம் தோகை என்பது உண்மையில் வாலே இல்லை, வாலுக்கு மேலே இருக்கும் மூடு இறகுகள். ஆடும் படத்துக்குச் சித்திரை, வைகாசியில் பாருங்கள். தக்காளி விஷயத்தில் வலையோ காவலோதான் வழி. 1963 முதல் தேசியப் பறவை, வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, மருந்து கிருந்து வைத்தால் ஜெயில்தான்.

கேள்வி: ராத்திரி மோட்டார் போடப் போனபோது வேலா மரத்தில் தேவாங்கு பார்த்தேன். படத்தைப் போட்டதும் இடம் எங்கே என்று பலர் கேட்கிறார்கள்.
வாசகர், கரூர்

சொல்லாதீர்கள். மருந்து, மாந்திரீகம் என்று அதைப் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தையும் திண்டுக்கல்லையும் சேர்த்து 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர், தேவாங்குக்கென்றே நாட்டில் முதலாவது. ஆனால் உங்கள் தோட்டத்துக்கு வேலியும் இல்லை, காவலரும் இல்லை. பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போடுவதானால் இடத்தை மறைக்கும் வசதி உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். போனில் எடுத்த படத்திலேயே இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றவருக்கு அனுப்புவதற்கு முன் லொகேஷனை எடுத்துவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தைகளை அழைத்துப் போக நீர்ப்பறவை இடம் எதுங்க?
ஆசிரியை, அவிநாசி

உங்களுக்குப் பக்கத்திலேயே திருப்பூர் நஞ்சராயன் குளம் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகிற வழியில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம், அது 2022லேயே சேர்ந்துவிட்டது. கார்த்திகை முதல் மாசி வரை ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் வந்து இறங்கும். சரணாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி தேவையா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குள் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், குழந்தைகளுக்கும் கண் கூசாது.