பெல்லட் அடுப்பில் விட்டுவிட்டு வரும் கீச்சொலி

கேள்வி: எரிவாயுக் குழாய் எட்டாத ஒன்ராறியோக் கிராமப்புறம் ஒன்றில் குடியிருக்கிறோம். வீட்டை வாங்கியபோதே கூடத்தில் இருந்த, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரிக்கும் பெல்லட் அடுப்புதான் குளிர்காலம் முழுவதும் எங்களுக்குக் கணப்பு. இந்த ஆண்டு, அடுப்பை மூட்டிக் கால் மணி நேரம் ஆனதும் உள்ளிருந்து எலி கத்துவதுபோல ஒரு கீச்சொலி இரண்டு விநாடி கேட்கிறது, மூன்று விநாடி அடங்குகிறது, மறுபடி கேட்கிறது. சூடான காற்றை வீசும் விசிறி ஓடத் தொடங்கும் வேளையில்தான் இதுவும் தொடங்குவதால் அதைச் சந்தேகித்து, என் கணவர் பின்பக்கத் துளைகள் வழியாகத் துருநீக்கும் தெளிப்பானை அடித்தார். இரண்டு நாள் அமைதியாக இருந்தது. இப்போது முன்னிலும் உரக்கக் கேட்கிறது. விசிறியை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே விடைக்கான முக்கியமான தடயம் இருக்கிறது. விசிறி ஓடத் தொடங்கினால் நிற்காமல் ஓடும். இரண்டு விநாடி கத்திவிட்டு மூன்று விநாடி ஓய்வெடுக்கும் ஒலியை அதனால் எழுப்ப முடியாது. அந்த அடுப்புக்குள் விட்டுவிட்டு இயங்கும் பொறி பெரும்பாலும் ஒன்றுதான்: தொட்டியிலிருந்து பெல்லட்டுகளை எரிகிண்ணத்துக்குத் தள்ளும் திருகுத்தண்டும் அதைச் சுழற்றும் மோட்டாரும்.

பெல்லட் அடுப்பின் உடல் முழுவதும் இரும்புத் தகடு. ஒரு மூலையில் எழும் ஒலி மறு மூலையில் கேட்கும். ஆகவே காதை வைத்து இடத்தைத் தேடுவதைவிட, கடிகாரத்தை வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்வது பயன் தரும். உள்ளிருக்கும் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியே ஒரு நேர அட்டவணை உண்டு. பொத்தானை அழுத்தியதும் முதலில் ஓடத் தொடங்குவது புகைபோக்கி விசிறி. நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று வேகத்தில் ஓடி, அடுப்பு ஆறும்வரை நிற்காது. அடுத்துத் திருகுத்தண்டு இயங்கி முதல் பிடி பெல்லட்டுகளைக் கிண்ணத்தில் கொட்டும். மின்பற்றவைப்பான் அவற்றில் தீ மூட்டும். அறைக்குள் சூட்டைத் தள்ளும் விசிறி, உடல் போதிய அளவு சூடேறிய பிறகே விழிக்கும். உங்களைக் குழப்பியது இந்தக் கடைசிப் பொருத்தம்தான். அடுப்பு சூடேறும்போது விசிறி மட்டும் விழிப்பதில்லை. திருகுத்தண்டும் அதன் குழாயும் சீரின்றி விரிவடைந்து இடைவெளி குறுகலாம். குளிர்ந்த நிலையில் சத்தமின்றிச் சுழன்ற தண்டு, சூட்டில் உரசிக் கத்துவது வியப்பன்று.

உறுதிப்படுத்திக்கொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. ஒலி நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுப்பை அதன் பொத்தானால் நிறுத்துங்கள். மின்செருகியைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் புகைபோக்கி விசிறி நின்று புகை வீட்டுக்குள் திரும்பக்கூடும். நிறுத்திய கணத்திலேயே பெல்லட் ஊட்டுவது நிற்கும். விசிறிகள் இரண்டும் தொடர்ந்து ஓடும். கீச்சொலி அப்போதே மறைந்தால் குற்றவாளி திருகுத்தண்டுப் பகுதி. அடுப்பு ஆறும்வரை தொடர்ந்தால் விசிறிகளில் ஒன்று.

திருகுத்தண்டுதான் என்று தெரிந்தபின், மோட்டாரா தண்டா என்று பிரித்தறிய வேண்டும். இந்த மோட்டார்கள் மிக மெதுவானவை. மாதிரியைப் பொறுத்து நிமிடத்துக்கு 1 முதல் 6 சுற்று. உங்களுடையது 2 சுற்று மோட்டார் என்று கொள்வோம். ஐந்து விநாடிக்கு இரண்டு விநாடி மட்டும் ஓடினால், தண்டு ஒரு முழுச் சுற்றை முடிக்க 75 விநாடி ஆகும். அந்த 75 விநாடியில் ஒரே ஒரு முறை, ஒரே இடத்தில் முனகினால், தண்டு வளைந்திருக்கிறது அல்லது அதன் ஓரம் குழாயில் ஓரிடத்தில் தட்டுகிறது. மோட்டார் ஓடும் ஒவ்வொரு முறையும் கத்தினால், தண்டின் முனையைத் தாங்கும் வளையமான புஷ் உலர்ந்திருக்கலாம், அல்லது தண்டைச் சுற்றித் தூள் இறுகியிருக்கலாம். கீச்சென்று இல்லாமல் டக், டக் என்று பல் தாவும் ஒலி வந்து, பெல்லட்டும் சரியாக விழாவிட்டால் மோட்டாரின் பற்சக்கரம் தேய்ந்திருக்கும். அதற்கு மாற்று மோட்டார்தான் வழி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை.

அடுப்பு ஓடும்போதே பின்கதவைத் திறந்து கேட்க வேண்டுமென்றால், நீண்ட மரக் கரண்டியின் ஒரு முனையை மோட்டாரின் உடலிலும் பிறகு புஷ் பொருத்திய தகட்டிலும் வைத்து, மறு முனையைக் காதெலும்பில் அழுத்திக் கேளுங்கள். மருத்துவரின் கருவிக்கு இது ஏழை உறவு என்றாலும் வேலை செய்யும். இரும்புத் திருப்புளியைப் பயன்படுத்த வேண்டாம். பக்கத்திலேயே மின்முனைகள் இருக்கின்றன. கூந்தலையும் துப்பட்டாவையும் முடிந்துகொள்ளுங்கள்.

இனிச் சரிசெய்வது. தொட்டியில் இருக்கும் பெல்லட் முழுவதும் எரிந்து தீரும்வரை அடுப்பை ஓடவிட்டு, நிறுத்தி, ஓர் இரவு ஆறவிட்டு, அதன்பின் மின்செருகியைக் கழற்றுங்கள். தொட்டியின் அடியிலும் திருகுத்தண்டின் வாயிலும் மாவுபோலத் தூள் படிந்திருக்கும். பெல்லட் என்பது அழுத்திய மரத்தூள்; மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்னும் இயற்கைப் பிசின்தான் அதைப் பிடித்துவைக்கிறது. உதிர்ந்த தூள், சூட்டில் இளகும் அந்தப் பிசினுடன் சேர்ந்து, தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே பீங்கான்போல இறுகிவிடும். அதை உறிஞ்சியும் சுரண்டியும் எடுக்க வேண்டும். எரிகிண்ணத்துச் சாம்பலை மட்டும் சாதாரணத் தூசு உறிஞ்சியால் எடுக்காதீர்கள்; சாம்பலுக்குள் கனல் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும், உறிஞ்சியின் பைக்குள் போய்த் தீப்பிடிக்கும்.

பிறகு மோட்டாரைத் தண்டோடு பிணைக்கும் திருகாணியைத் தளர்த்தி மோட்டாரைக் கழற்றுங்கள். தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தால் எங்கே இறுகுகிறது என்று விரலுக்கே தெரியும். புஷ்ஷுக்கு எண்ணெய் இடலாமா என்பதை உங்கள் அடுப்பின் கையேடு சொல்லும். பல மாதிரிகளில் எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் இருக்கும். அது தேய்ந்துவிட்டால் மாற்றுவதே முறை. மசகிட அனுமதி இருந்தால், அதிக வெப்பம் தாங்கும் மசகையோ உலர் கிராஃபைட்டையோ மிகச் சிறிதளவு இடுங்கள். துருநீக்கித் தெளிப்பான் மெல்லிய திரவம். இரண்டு நாளில் காய்ந்துவிடும், மிச்சம் இருப்பது தூளை ஒட்டவைக்கும். சத்தம் கூடியதற்குக் காரணம் அதுவே. சூடான அடுப்பில் அடித்தால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. தேங்காய் எண்ணெயை நினைத்தும் பார்க்காதீர்கள். சூட்டில் அது பசையாகிவிடும்.

இந்த ஆண்டுதான் ஒலி தொடங்கியது என்பதால் பெல்லட் பைகளையும் பாருங்கள். நிலவறையின் காங்கிரீட் தரையில் நேராக அடுக்கிய 18 கிலோப் பைகள் ஈரத்தை இழுத்து உதிரத் தொடங்கும். பலகை போட்டு அடுக்குங்கள். பையின் அடியில் தேங்கும் தூளைத் தொட்டியில் கொட்டாமல் சலித்துவிடுங்கள்.

வேறு ஒலிகள் பெரும்பாலும் தொல்லையற்றவை. சூடேறும்போதும் ஆறும்போதும் டிக், டிக் என்பது தகடு விரிந்து சுருங்குவது. கடகடவென்ற அதிர்வுக்குச் சாம்பல் தட்டையோ பக்கத் தகட்டையோ கையுறையிட்டு அழுத்திப் பாருங்கள். ஒரு வீட்டில் அரை நாள் பின்கதவைக் கழற்றிப் பூட்டியபிறகுதான், அடுப்பின் மேல் அழகுக்கு வைத்திருந்த பித்தளைத் தட்டு அதிர்வது எனக்குத் தெரிந்தது.

இரண்டு ஒலிகளை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. ஒன்று, கதவோரத்தில் சீழ்க்கை. கதவை அடைக்கும் கயிற்றுச் சுற்று தேய்ந்து காற்று உள்ளே புகுகிறது. மற்றொன்று, கிண்ணத்தில் பெல்லட் குவிந்து, புகை நிறைந்து, திடீரென்று ‘புஸ்ஸ்’ என்று தீ வெடித்தெழும் ஒலி. இது கேட்டால் அடுப்பை நிறுத்தி, விறகு, பெல்லட் அடுப்பு வேலைக்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்ற பணியாளரை அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்ராறியோவில் 2014 முதல் இத்தகைய வீடுகளில் சட்டப்படி கட்டாயம். உங்களுடையது வேலை செய்கிறதா என்று இன்றே அழுத்திப் பாருங்கள்.

எல்லாவற்றையும் பூட்டி மறுபடி மூட்டும்போது குழாய் வெறுமையாக இருக்கும். பெல்லட் எரிகிண்ணத்தை எட்டத் தாமதமாகி, முதல் முயற்சியில் தீப்பிடிக்காமல் போகலாம். பொறுமையிழந்து அப்படியே மறுமுறை பொத்தானை அழுத்தாமல், அடுப்பு ஆறியதும் கிண்ணத்தில் எரியாமல் கிடக்கும் பெல்லட்டுகளை முழுவதும் வெளியே எடுத்துவிட்டு மூட்டுங்கள்.