திருகோணமலையில் வீட்டை வாடகைக்குக் கொடுக்க முன், வருகிற ஆளைப் பற்றி எதை விசாரிக்க வேண்டும்?

கனடாவில் இருந்துகொண்டு உப்புவெளியில் இருக்கிற அம்மாவின் வீட்டை வாடகைக்குக் கொடுக்கப் போகிறீர்கள், நம்பிக்கையான ஆளை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உவர்மலையில் எங்கள் வீட்டு மேல்மாடியையும் அக்காவின் வீட்டையும் பல வருடமாக வாடகைக்குக் கொடுத்து வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், எந்த ஊர், என்ன ஆட்கள், யாருக்குச் சொந்தம் என்று கேட்பதை விடுங்கள். இங்கே வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு "எங்கட ஆள்தானே" என்று திறப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று இனமும் கலந்து வாழ்கிற ஊர் இது. ஒருவர் மாதம் பிறந்தால் வாடகை தருவாரா, வீட்டைப் பார்த்துக்கொள்வாரா என்பதற்கு அவருடைய பெயரிலோ ஊரிலோ பதில் கிடையாது. அதைப் பார்த்துத் திருப்பி அனுப்புவது பெரிய அநியாயமும்கூட. மாகாணசபைக் கந்தோருக்கு மாற்றலாகி வந்து, பிள்ளைகளோடு வீடு வீடாக ஏறி இறங்குகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக்காரர் என்றால் இன்னொரு கரைச்சல், நிலுவை விழுந்தால் முகத்தை முறித்துக் கேட்க முடியாது.

கேட்க வேண்டியது முன்பு இருந்த வீட்டைப் பற்றி. இப்போது இருக்கிற வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது, ஆள் எழும்பினால் சரி என்று நினைக்கிறவர் நல்லதாகத்தான் சொல்வார். அதற்கு முந்திய வீட்டுக்காரரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள், அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. அப்புறம், இப்போதைய வீட்டின் கடைசி மூன்று நான்கு கரண்ட் பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பில்லில் முந்திய நிலுவை என்று ஒரு வரி இருக்கும். மாதா மாதம் அது ஏறிக்கொண்டே போனால் வாடகையும் அப்படித்தான் வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். சம்பளச் சீட்டைவிட நான் நம்புவது இதைத்தான், ஏனென்றால் அரசாங்க உத்தியோகத்தருக்குக்கூட கடன் கழித்து கையில் வருவது பாதியாக இருக்கலாம். சீட்டைப் பார்த்தால் கடைசி வரியைப் பாருங்கள். திருக்கடலூரில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவரிடமோ ஓட்டோ ஓடுகிறவரிடமோ சீட்டே இருக்காது, அதற்காக அவர்களை ஒதுக்க வேண்டாம், பில்லும் பழைய வீட்டுக்காரரின் சொல்லும் போதும்.

அடையாள அட்டையின் பிரதி வட்ஸ்அப்பில் வந்தால் எண்ணைக் கவனியுங்கள். 2016 முதல் வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம். முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று, பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாள் என்று எண்ணினால் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரி 1 இல் பிறந்தவர் ஆண் என்றால் 032, பெண் என்றால் 532. அட்டையில் உள்ள பிறந்த திகதியோடு இது ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஒத்துப்போனாலும், கையெழுத்து வைக்கிற அன்று மூல அட்டையை யாராவது நேரில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அட்டையைப் பிடித்து வைக்கிற வேலை கூடாது.

உப்புவெளி என்பதால் ஒன்று முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை வெள்ளைக்காரர் வருகிற சீசன். ஏப்ரலில் வந்து "குடும்பத்துக்கு" என்று வீடு எடுத்து, அறை அறையாக வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கெட்ட தொழில் இல்லை, ஆனால் உங்களுக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள், வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னால்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இல்லாவிட்டால் செல்லாது, அது 1840 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. தவணை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை மீட்க 2023 இல் தனிச் சட்டம் ஒன்று வந்தது, அதற்கும் கையில் ஒப்பந்தம் வேண்டும். ஒரு வருட அட்வான்ஸ் மொத்தமாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். காசு கையில் வந்ததும் மற்ற எதையும் விசாரிக்க மனம் வராது. அந்த வருடம் முடியும்வரை அவர் மாதம் மாதம் ஒழுங்காகக் கட்டுகிறவரா என்றும் தெரியாது.

நீங்கள் அங்கே இருப்பதால், வீடு பார்க்க வருகிறவரோடு இங்குள்ள ஒருவர் அரை மணித்தியாலம் நின்று பேச வேண்டும். தரகர் போதாது, அவருக்குத் தரகுக் காசு கிடைத்தால் சரி. கிணறு எப்போது இறைத்தது, கூரை ஒழுகுமா, நவம்பர் மழைக்கு முற்றத்தில் தண்ணி நிற்குமா என்று கேட்கிறவர் பெரும்பாலும் இருக்கத்தான் வருகிறார். அவருக்கு உண்மையான பதிலைக் கொடுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், அவர் வேறு வீடு பார்க்க வேண்டும்.