குளிர்ந்த ஊரிலும் மங்கு வரும்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிறேன். வயது 34. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. சேலத்தில் ஒரு மெடிக்கலில் கேட்டு வாங்கிய கிரீம் போட்டேன். இரண்டே வாரத்தில் வெளுத்தது. நிறுத்தினால் முன்னைவிடக் கருக்கிறது, எரியவும் செய்கிறது. வெயிலே இல்லாத ஊரில் எனக்கு ஏன் இப்படி?

பதில்: சகோதரி, முதலில் அந்த டியூபைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. வெளுத்ததும் அதனால்தான், எரிவதும் அதனால்தான். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், பரு வரும், கன்னத்தில் முடிகூட முளைக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை எடுத்துக் கொடுக்கும் கடைகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நீண்ட நாள் போட்டதைத் திடீரென்று விட்டாலும் முகம் சிவந்து கொதிக்கும். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, 'வெயிலே இல்லாத ஊர்' என்கிறீர்கள். குளிர் வேறு, வெயிலோடு வந்து தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் வேறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினாலே அந்தக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். லேசான மூட்டம் அதைத் தடுக்காது. சேலத்து உச்சி வெயிலில் தலைக்கு முந்தானை போடும் நாம், மலையில் இதமாக இருக்கிறதே என்று நாளெல்லாம் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பழம் பறிக்கிறோம். கர்ப்ப கால ஹார்மோன் உங்கள் நிறமிச் செல்களை ஏற்கெனவே கிளப்பிவிட்டிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் வெளிச்சமே போதும். ரத்தம் கெட்டதாலும் வரவில்லை, அழுக்காலும் வரவில்லை. யார் சொன்னாலும் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அகல விளிம்புத் தொப்பி போடுங்கள். எஸ்பிஎஃப் (வெயில் தடுக்கும் அளவு, டியூபிலேயே போட்டிருக்கும்) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்தெல்லாம் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். தோல் நிறத்தில் வருவது கிடைத்தால் இன்னும் நல்லது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துவிடும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றாலோ, கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தாலோ அங்கே மறைக்காமல் சொல்லுங்கள், மருந்து மாறும். குறைய மூன்று நான்கு மாதம் ஆகும், அதன் பிறகும் தொப்பியை விடக் கூடாது. போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.