ஜெய்சால்மரில் ஒட்டகத்தோடு ஓர் இரவு: முகாமை அல்ல, ஒட்டகக்காரரைத் தேடுங்கள்

பொங்கல் விடுமுறையில் 63 வயது அம்மாவையும் 9 வயது மகளையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து ராஜஸ்தானின் ஜெய்சால்மர் செல்ல வேண்டும், வழிகாட்டியுடன் ஒட்டகத்தில் பாலைவனத்துக்குள் போய் ஓர் இரவு தங்க வேண்டும், அதற்கு எந்தக் கூடார முகாமை முன்பதிவு செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே இருமுறை சென்றிருக்கிறேன். முதல் முறை முகாமைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனேன். இரண்டாம் முறை ஒட்டகக்காரரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனேன். உங்கள் கேள்வியையும் அப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் பதில்.

முதல் பயணத்தில் ஒரு முகவர் 'ஒட்டக சஃபாரி' என்று எழுதித் தந்திருந்ததை நம்பி, நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல் தொலைவிலுள்ள சாம் மணல்மேடுகளுக்குச் சென்றோம். ஒட்டகத்தின் மேல் நாங்கள் இருந்தது இருபது நிமிடங்கள். அதிலும் பாதி நேரம் எங்களைச் சுற்றி ஜீப்புகள் மணலைக் கிழித்துக்கொண்டு ஓடின. இரவு முழுவதும் ஒலிபெருக்கி. சாம் அழகான இடம்தான், ஆனால் பாலைவனத்தின் அமைதிக்காக இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு டிசம்பர் கடைசியிலும் பொங்கலையொட்டிய நாள்களிலும் அந்த அமைதி அங்கே கிடைப்பது அரிது.

ஆகவே யாரிடம் பேசினாலும் முதலில் இந்த மூன்றைக் கேளுங்கள்: ஒட்டகத்தில் எந்த ஊரில் ஏறுவோம், எங்கே இறங்குவோம், இடையில் சேணத்தில் எத்தனை மணி நேரம் இருப்போம்? பதில் தெளிவாக வராவிட்டால் முன்பணம் அனுப்பாதீர்கள். ஒட்டகம் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் நடக்கும். பழக்கமில்லாதவர்களுக்குத் தொடையின் உட்புறமும் இடுப்பும் இரண்டு மணி நேரத்திலேயே வலிக்கத் தொடங்கிவிடும் என்பதால், மாலையில் இரண்டு மணி நேரமும் மறுநாள் காலையில் ஒரு மணி நேரமும் உங்கள் குடும்பத்துக்குப் போதுமானவை. இரண்டு மூன்று நாள் ஒட்டகப் பயணங்களும் உண்டு. குழந்தையுடன் முதல் முறை செல்லும்போது அவை வேண்டாம்.

அம்மாவுக்கு ஒட்டக வண்டி கேளுங்கள். டயர் சக்கரமும் பலகைத் தளமும் கொண்ட இந்த வண்டி அங்கே கிராமத்தாரின் அன்றாடப் பயன்பாட்டில் உள்ளதுதான், மெத்தை விரித்தால் முதுகுக்கு நோவில்லாமல் அமர்ந்து வரலாம். ஆழ்ந்த மணலில் அது ஏறாது என்பதால் கடைசித் தூரத்துக்கு ஜீப் ஏற்பாடு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மகள் உங்களுடன் ஒரே ஒட்டகத்தில், உங்களுக்கு முன்னால் அமரட்டும். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தும், ஆகவே நாம் சட்டென்று முன்னோக்கிச் சாய்வோம். படுக்கும்போதும் முன்னங்கால்களை முதலில் மடக்குவதால் அதே நிலைதான். இரண்டு வேளையும் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, சேணத்தின் முன்கட்டையை இறுகப் பிடிக்க வேண்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். விழுகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது அந்தச் சில நொடிகளில்தான்.

இடத்தைப் பொறுத்தவரை, தென்மேற்கே உள்ள கூரி கிராமத்தைச் சுற்றியுள்ள மணல்மேடுகளையோ, உள்ளூர்க்காரர்கள் மட்டும் அறிந்த சிறு மேடுகளையோ நான் பரிந்துரைப்பேன். தார் பாலைவனம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல் அலைகள் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம் நேரும். அதன் பெரும்பகுதி சரளையும் புதரும் ஆடு மேயும் வெளியுமாகவே இருக்கும். ஆனால் அந்தப் புதர்வெளிதான் எனக்கு மிகவும் பிடித்தது. வழியெங்கும் எருக்கு மண்டிக் கிடக்கும். அவர்கள் கேஜ்ரி என்று சொல்லும் மரம் நம் வன்னி மரமேதான். விருத்தாசலத்தில் தலமரமாக வணங்கப்படும் அதே மரம் அங்கே ராஜஸ்தானின் மாநில மரம், அதன் காய் சாங்ரி என்ற பெயரில் கறியாகிறது. உங்கள் அம்மா அந்த மரத்தை அடையாளம் கண்டுகொள்ளும் நேரத்துக்காகவாவது ஒட்டகத்தை மெதுவாக நடத்தச் சொல்லுங்கள். ஜெய்சால்மருக்கு மேற்கே பரந்திருக்கும் பாலைவன தேசியப் பூங்கா, அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் என்ற பெரிய பறவையின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. அந்தப் பக்கம் செல்வதாக இருந்தால் அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாத வழிகாட்டியாகப் பாருங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முழுநிலவில் மணல் வெள்ளியாகத் தெரியும், ஆனால் விண்மீன்கள் மங்கிவிடும். அமாவாசையில் வானம் நிறைந்திருக்கும், ஆனால் வயதானவருக்கு இருட்டில் நடமாடுவது சிரமம். வளர்பிறை சதுர்த்தி, பஞ்சமியை ஒட்டிச் சென்றால், சாப்பிட்டு முடிக்கும்வரை நிலவொளி இருக்கும், இரவு ஒன்பது, பத்து மணிக்குள் நிலா மறைந்து வானம் முழுவதும் விண்மீன்களுக்கு வழிவிடும். நாங்கள் இரண்டாம் முறை அப்படித்தான் போனோம். ஜனவரியில் அங்கே சூரியன் காலை ஏழரை மணியளவில்தான், சென்னையைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமாக உதிக்கும். அதுவரை குளிர் விடாது. இரவில் வெப்பநிலை 5 டிகிரியை நெருங்கக்கூடும் என்பதால் திறந்த வெளியில் படுப்பதாக இருந்தால் ஆளுக்கு இரண்டு கனத்த ரஜாய்கள் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகள்) தருவார்களா என்று கேளுங்கள். கம்பளித் தொப்பியும் காலுறையும் நீங்களே கொண்டுபோங்கள். பகல் வெயிலுக்குப் பருத்தித் துண்டு ஒன்று போதும்.

ஒட்டகத்தையும் ஏறுவதற்கு முன் ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். மூக்கணாங்கயிற்றுக்காக மூக்கில் குத்திய இடத்தில் புண், சேணம் அழுந்தும் இடத்தில் முடி உதிர்ந்த காயம், நொண்டல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வேறு ஒட்டகம் கேட்கலாம். நல்ல ஒட்டகக்காரர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இதில் எனக்கு அக்கறை அதிகம். கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012இல் நாட்டில் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019இல் சுமார் 2.5 லட்சமாகக் குறைந்துவிட்டன. உழவுக்கு டிராக்டரும் சுமைக்கு ஜீப்பும் வந்தன, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. 2014இல் ஒட்டகம் ராஜஸ்தானின் மாநில விலங்காக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் அதை வெட்டுவதையும் அனுமதியின்றி மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதையும் தடுத்தது, அதனால் சந்தையில் விலையும் விழுந்தது. தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா மக்களின் பிள்ளைகள் பலர் இப்போது வேறு வேலை தேடிப் போகிறார்கள். சேணத்தில் நாம் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உரிய கூலி ஒட்டகக்காரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த விலங்குக்குத் தீவனம் கிடைக்கும். மொத்தத் தொகையில் அவருக்கு எவ்வளவு என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஒரு நொடி தயங்கினாலும் உண்மையைச் சொல்பவரிடம் பேச்சைத் தொடருங்கள்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஜோத்பூர் வரை ரயிலிலோ விமானத்திலோ சென்று, அங்கிருந்து ஐந்தாறு மணி நேரத்தில் ஜெய்சால்மரை அடையலாம். முதல் நாளைக் கோட்டைக்கு ஒதுக்குங்கள். 1156இல் எழுப்பப்பட்ட அந்தக் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ஆனால் கோட்டைக்குள் இருக்கும் விடுதியில் தங்காதீர்கள், கழிவுநீர்க் கசிவு அதன் அடித்தளத்தை அரித்துவருகிறது. இரண்டாம் நாள் மதிய உணவுக்குப் பின் ஜீப்பில் கிளம்பி, மூன்றரை மணிக்கு ஒட்டகத்தில் ஏறினால் சூரியன் மறைவதற்குச் சற்று முன் மணல்மேட்டை அடையலாம்.

இரவு உணவைப் பற்றி எதையும் முன்கூட்டியே வற்புறுத்தாமல், ஒட்டகக்காரர் தமக்குச் சமைப்பதையே உங்களுக்கும் சமைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு விறகடுப்பில் சுட்ட கம்பு ரொட்டியும் பருப்பும் பூண்டுச் சட்னியும் கிடைத்தன. கம்பங்கூழ் குடித்து வளர்ந்த என் மாமியார் அன்று மூன்று ரொட்டி சாப்பிட்டார். மொழி தெரியாமலே அவரும் ஒட்டகக்காரரும் கம்பு விதைக்கும் மாதத்தைப் பற்றிக் கைவிரல்களை எண்ணி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.