வீட்டு வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தால் உண்மையில் நிம்மதி கிடைக்குமா?

கிடைக்கும், வேலையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். நாமே செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத அன்றாட வேலைகளைக் கூலி கொடுத்து இன்னொருவரிடம் விடுவதுதான் இது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையின் காசிமேடு மீன் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மீன் வாங்கிய பலர் நேராக வீட்டுக்குத் திரும்புவதில்லை. அரிவாள்மனையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பையை நீட்டுகிறார்கள். சங்கரா மீனின் செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, குடலை எடுத்துத் துண்டு போட அந்தப் பழகிய கைகளுக்குச் சில நிமிடங்கள் போதும். நாம் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும். சுவரெல்லாம் செதில் தெறிக்கும், அதைக் கழுவுவது தனி வேலை. கூலி கொடுத்து நாம் வாங்குவது அந்த முக்கால் மணி நேரத்தை.

காரணம் எளிது. பணத்தை மீண்டும் ஈட்டலாம். நாளின் 24 மணி நேரத்தைக் கூட்ட முடியாது. அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் 6,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், பணம் கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்தியவர்கள் கூடுதல் மனநிறைவோடு இருந்தது தெரிந்தது.

எதைக் கொடுப்பது? நினைத்தாலே அலுப்புத் தட்டுகிற வேலையை முதலில் கொடுங்கள். குழந்தைக்குப் பிடித்த குழம்பை வைப்பது உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் அதை விடாதீர்கள். கூலியில் மட்டும் தயவுசெய்து பேரம் பேச வேண்டாம். அவர்களுடைய நேரமும் நேரம்தான்.

முழுநேர வேலையாள் வைக்கும் வசதி இருந்தால்தான் இது முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். தெருமுனைக் கடையில் அரைத்த இட்லி மாவை வாங்குவதும் இதேதான்.