பக்கத்து சீட் பஞ்சாயத்து: கேள்வி பதில்

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. கிளட்ச், கியர், பார்க்கிங் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைத்துத்தான் கேள்வி அனுப்பச் சொன்னேன். வந்ததில் முக்கால்வாசி கணவர் மேலும் மனைவி மேலும் புகார். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். பெயரை எடுத்துவிட்டு ஏரியாவை மட்டும் வைத்திருக்கிறேன். வீட்டில் தெரிந்தால் அதற்கு ஒரு தனிப் பஞ்சாயத்து கூடும். எந்தப் புகார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: இந்தப் பழக்கம் காது வலியோடு போகுமா, எலும்பு முறிவு வரைக்கும் போகுமா?

வேளச்சேரி: அக்கா, அவர் ஓட்டும்போது என் வலது கால் தானாகவே தரையை அழுத்துகிறது. "அங்கே பிரேக் கிடையாதும்மா" என்று கிண்டல் பண்ணுகிறார். ஆனால் நிஜமாகவே முன்னாடி போகிற வண்டியை ஒட்டித்தான் போகிறார். நான் பயந்தாங்கொள்ளியா, அவர் ஓட்டுவது தப்பா?

இரண்டுமே இருக்கலாம். எப்போது பிரேக்கில் கால் வைக்கப் போகிறோம் என்பது ஓட்டுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். உங்களுக்கோ, வண்டி வேகம் குறைந்த பிறகுதான் தெரியும். நடுவில் இருக்கிற அந்த ஒரு நொடியைத்தான் உங்கள் கால் அழுத்துகிறது. எங்கள் ஸ்கூல் காரில் என் பக்கமும் நிஜமான பிரேக், கிளட்ச் உண்டு. அந்தப் பழக்கத்தில், என் வீட்டுக்காரர் ஓட்டும்போது என் காலும் சும்மா இருப்பதில்லை.

யார் சொல்வது சரி என்று அளந்தே பார்த்துவிடலாம். முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது மனசுக்குள் நிதானமாக "நூற்றி ஒன்று, நூற்றி இரண்டு" என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் உங்கள் வண்டி அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் இடைவெளி போதவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் இரண்டு நொடியில் 33 மீட்டர் ஓடிவிடும். மழை பெய்தால் "நூற்றி நான்கு" வரை எண்ணுங்கள். "ஜி.எஸ்.டி. ரோட்டில் அவ்வளவு இடம் விட்டால் ரெண்டு பைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவும் நுழைந்துவிடும்" என்பார். நுழையட்டுமே. மறுபடி கொஞ்சம் பின்தங்கினால் ஆயிற்று. வீடு போய்ச் சேர ஒன்றும் தாமதமாகிவிடாது.

அப்புறம், "பார்த்து!", "ஐயோ!" என்று கத்துவதை நிறுத்துங்கள். கத்தினால் அவர் ரோட்டை விட்டு உங்களைப் பார்ப்பார். "இடது பக்கம் பைக்", "முன்னாடி பஸ் நிக்குது" என்று எது, எங்கே என்பதைச் சொல்லுங்கள். படிக்க வருகிறவர்களிடம் நான் பேசுவதும் அப்படித்தான். கம்பத்தை எண்ணிய கணக்கை மட்டும் வண்டிக்குள் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.

குரோம்பேட்டை: சிக்னலில் சிவப்பு மாற இன்னும் ஐந்து நொடி இருக்கும்போதே ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறார். பக்கத்து வண்டிக்காரர்கள் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

இது காது வலி ரகம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 194எஃப் பிரிவின்படி, தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம். அதற்கும் அசராதவர் என்றால் ஏசியை நிறுத்திவிட்டு நான்கு கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள். தன் ஹார்னைத் தானே கேட்கட்டும்.

துரைப்பாக்கம்: மேடம், என் மனைவி ஓ.எம்.ஆரில் 40-ஐத் தாண்டமாட்டாள். பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கிறார்கள். "கொஞ்சம் மிதி" என்றால் அழுகிறாள், இல்லையென்றால் நடுரோட்டில் நிறுத்திவிட்டு "நீங்களே ஓட்டுங்க" என்கிறாள். எப்படிப் பயம் தெளிய வைப்பது?

அவர் எந்த லேனில் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நடு லேனிலோ இடது லேனிலோ 40-இல் போனால் அது குற்றமே இல்லை. டிவைடரை ஒட்டிய வலது லேனில் 40-இல் போனால்தான் பின்னாடி வருகிறவர்கள் இடது பக்கமாக வெட்டி வெட்டி முந்துவார்கள். அது ஆபத்து. புதிதாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் அந்த லேனைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு: இடது ஓரத்தில் பஸ் நிற்கும், சந்திலிருந்து பைக் வரும், எதிர்த்திசையில் கூட வண்டி வரும். டிவைடர் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே "வேகமாப் போ" என்பதை விட்டுவிட்டு, நடு லேனுக்கு வரப் பழக்குங்கள். கண்ணாடி, இண்டிகேட்டர், இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, அப்புறம் ஸ்டீயரிங். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனால் ஓ.எம்.ஆரே மைதானம் மாதிரி இருக்கும்.

பத்து கிலோமீட்டரை 60-இல் போனால் பத்து நிமிடம், 40-இல் போனால் பதினைந்து நிமிடம். நடுவில் வரும் சிக்னல்கள் அந்த ஐந்து நிமிடத்தையும் தின்றுவிடும். இதற்காகவா அழ வைக்கிறீர்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். லைசென்ஸ் வாங்கிய பிறகும் காரைத் தொடாத பெண்கள் எங்கள் ஸ்கூலுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். முதல் மாதம் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார், கியரை அவரே மாற்றினார், ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தார், வீட்டுக்கு வந்து மாமியார் முன்னால் சிரித்தார். நல்லா ஓட்டத் தெரிந்தவர் நல்லா சொல்லிக்கொடுப்பார் என்று கிடையாது. கொஞ்ச நாள் நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள். முடிந்தால் வீட்டிலேயே இருங்கள். தனியாகப் பால் வாங்கப் போய் வந்த கார்தான் பயத்தைத் தெளிய வைக்கும்.

அண்ணா நகர்: ஓடும் வண்டியில் வாட்ஸ்அப் படிக்கிறார். கேட்டால் "சும்மா ஒரு பார்வைதான்" என்கிறார். இத்தனைக்கும் நல்லாத்தான் ஓட்டுவார்.

இது எலும்பு ரகம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி குனிந்தால் கார் 42 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடியதாகக் கணக்கு. அந்த 42 மீட்டரில் அண்ணா நகர் மாதிரி ஏரியாவில் ஒரு ஸ்கூல் கேட், ஒரு டீக்கடை, ரோட்டைக் கடக்கிற ஒரு பாட்டி எல்லாம் இருக்கும். சட்டமே 184-ஆம் பிரிவில் இதை ஆபத்தான ஓட்டுதலோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறது.

வண்டியில் ஏறியதும் போன் உங்கள் கைக்கு வரவேண்டும். வருகிற செய்தியை நீங்கள் படித்துச் சொல்லுங்கள், பதிலையும் நீங்களே அடியுங்கள். "ஆபீஸ் விஷயம், நீ பார்க்கக் கூடாது" என்றால் ஓரம்கட்டி நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் இறங்கி மெட்ரோவில் போங்கள். மிரட்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே இறங்குங்கள்.

ஒரே ஒரு கேள்வி: சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து கிளம்பிய பிறகு "எங்கே வந்துட்டீங்க?" என்று போன் போடுகிறவர் யார்? லைவ் லொகேஷன் வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளி நகர்வதைப் பார்த்துத் தோசைக் கல்லை அடுப்பில் வைக்கலாம்.

அம்பத்தூர்: பாடி மேம்பாலத்தில் ஏறி, இறங்கும்போது நியூட்ரலில் போட்டுவிடுவார். பெட்ரோல் மிச்சமாம்.

கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. இப்போது வருகிற, கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்துவிடும் இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை வண்டியே நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் எரியும். வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிடிமானமும் போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். செலவும் கூடுதல், ஆபத்தும் கூடுதல். அவரிடம் பெட்ரோல் கணக்கை மட்டும் சொல்லுங்கள், உடனே ஏறும்.

கே.கே. நகர்: மழை நாளில் அரங்கநாதன் சப்வே, துரைசாமி சப்வே எங்கே தண்ணீர் நின்றாலும் "நம்ம வண்டி உயரம், போயிடும்" என்று இறக்கிவிடுகிறார். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

தண்ணீர் எஞ்சினுக்குள் போகும் வழி, காற்று உறிஞ்சும் குழாய். அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டன் முட்டி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. எஞ்சின் கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸில் இதற்கு வழக்கமாகப் பணம் வராது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நாடே பார்த்துச் சிரித்தது. 2015 வெள்ளத்தையும் 2023 வெள்ளத்தையும் பார்த்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

போரூர்: "ரெண்டு பெக்தான், நிதானமா ஓட்டுவேன்" என்பவரை என்ன செய்வது?

அந்த வண்டியில் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். டாக்சியை முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு விருந்துக்குப் போங்கள். இதில் சமாதானம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

மயிலாப்பூர்: டாஷ்போர்டில் பிள்ளையார், முருகர், வேளாங்கண்ணி மாதா எல்லாரும் இருக்கிறார்கள். கண்ணாடியில் பூமாலை வேறு. மனைவியின் பக்தி. எடுக்கச் சொன்னால் சண்டை.

சாமியை எடுக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். பக்கத்து சீட்டுக்கு முன்னால் டாஷ்போர்டில் ஏர்பேக் இருந்தால் அந்த மூடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. பை விரியும் வேகத்தில் பிள்ளையார் நேராக உங்கள் மனைவி முகத்துக்கே வருவார். ஸ்டீயரிங் பக்கத்திலோ நடுவிலோ சின்னதாக ஒருவர் போதும். மாலை பார்வையை மறைக்கும். பானெட்டுக்கு முன்னால் கட்டட்டும். எலுமிச்சம்பழத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வியாசர்பாடி: ஸ்கூட்டரில் புடவையோடு ஒருபக்கமாக உட்காருகிறேன். பஸ்ஸுக்கும் டிவைடருக்கும் நடுவில் புகுந்து புகுந்து போவார். உயிர் போய் உயிர் வருகிறது.

அவருக்குத் தன் முழங்கால் வரைக்கும்தான் அகலம் தெரியும், உங்கள் முழங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியாது. ஒருநாள் வண்டியை நிறுத்திவைத்து, நீங்கள் ஏறி உட்கார்ந்து, ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்கள். சுடிதார் போடும் நாளில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள், துப்பட்டாவை முடிச்சுப் போட்டுவிடுங்கள். பைக்கில் பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கிற தடுப்பு, கைப்பிடி, கால் வைக்கிற இடம் மூன்றும் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அழகு கெடுகிறது என்று கழற்றிப்போட்டிருந்தால் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். உங்கள் தலைக்கும் ஹெல்மெட்.

அடையாறு: என் வீட்டுக்காரருக்கு 66 வயது. புதுச்சேரியிலிருந்து ஈ.சி.ஆரில் ராத்திரி வரும்போது எதிரே வருகிற விளக்கில் தடுமாறுகிறார். ரோட்டோரம் நடக்கிறவர்களை நான் முதலில் பார்க்கிறேன். சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. நாற்பது வருடமாக ஓட்டுகிறவர்.

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். முதலில் கண் டாக்டர். கண்புரை ஆரம்பித்தால் பகலில் பெரிதாக வித்தியாசம் தெரியாது, ராத்திரியில் எதிர் விளக்கு நட்சத்திரம் மாதிரி சிதறும். அறுவை சிகிச்சையில் சரியாகிற விஷயம், "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று ஆரம்பிக்கவே தேவையில்லை. முன் கண்ணாடியின் உள்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். அங்கே படியும் மெல்லிய பிசுக்கும் விளக்கைச் சிதறடிக்கும். எதிர் வண்டி ஹைபீமில் வந்தால் அந்த விளக்கைப் பார்க்காமல் இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள்.

இந்த வயதில் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பிப்பார்கள், மருத்துவச் சான்றிதழும் கேட்பார்கள். அதைச் சாக்காக வைத்துக்கூடக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போகலாம். அதுவரை, சாவியைப் பிடுங்காதீர்கள். பகலில் அவரே ஓட்டட்டும். புதுச்சேரியிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். ராத்திரிப் பயணம் தவிர்க்கவே முடியாது என்றால் ஒரு ஆக்டிங் டிரைவர். நாற்பது வருடம் உங்களைப் பத்திரமாகக் கூட்டிவந்தவர் என்பதையும் ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டவர்கள் டாக்டரிடம் கொஞ்சம் சீக்கிரம் வருகிறார்கள்.

மடிப்பாக்கம்: மேப் சொல்வதைக் கேட்கமாட்டார், நான் சொல்வதையும் கேட்கமாட்டார். தி. நகரில் ஒன்வேயில் மாட்டி அரை மணி நேரம் சுற்றினோம்.

பாத்திரக் கடை, பூக்கடை எல்லாம் பார்த்தீர்கள் இல்லையா, விடுங்கள்.

பெரம்பூர்: ஒரே கார், இரண்டு பேர் ஓட்டுகிறோம். நான் ஐந்தடி, அவர் ஆறடி. தினமும் சீட், கண்ணாடி எல்லாவற்றையும் மாற்றிவைத்துவிடுகிறார் என்று நானும், நான் மாற்றுகிறேன் என்று அவரும். கடைசியாக ஓட்டியவர் பழையபடி வைக்க வேண்டாமா?

வேண்டாம். ஏறுகிறவர்தான் சரிசெய்துகொள்ள வேண்டும், கிளம்புவதற்கு முன்னால். கிளட்சை முழுக்க அழுத்தினாலும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதுகை சீட்டில் சாய்த்தபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல் விளிம்பில் பட வேண்டும். அப்புறம் மூன்று கண்ணாடி. சீட்டு நகரும் தண்டவாளத்தின் ஓரத்தில் உங்களுக்கு ஒரு கலர் டேப், அவருக்கு ஒரு கலர் டேப் ஒட்டிவிட்டால் அரை நிமிட வேலை. பெட்ரோல் ரிசர்வுக்கு வந்த வண்டியை அப்படியே நிறுத்திவைப்பது யார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வழக்கை நான் எடுப்பதில்லை.