அபராதம் போட்டால் மச்சான் வாக்களிப்பாரா?

அன்புள்ள அண்ணா,

நான் வன்னியிலுள்ள மாங்குளத்தில் பிறந்து இப்போது அவுஸ்திரேலியாவில் மெல்பேணில் இருக்கிறேன். இங்கே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்காவிட்டால் 20 டொலர் அபராதம். அதற்காகவே வந்து, யார் எவர் என்று பார்க்காமல் மேலிருந்து கீழே 1, 2, 3 என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் என் வேலையிடத்திலேயே உண்டு. ஊரில் என் மச்சானோ 2024 பொதுத் தேர்தலுக்குப் போகவே இல்லை. "ஆர் வந்தாலும் ஒண்டுதான்" என்கிறார். கட்டாயப்படுத்தினால் அக்கறையில்லாத வாக்கு, விட்டுவிட்டால் வாக்கே இல்லை. வன்னிக்கு எது நல்லது? மச்சானிடம் நான் என்ன சொல்ல?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் வேலையிடத்து ஆட்களைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அவுஸ்திரேலியாவில் 1922இல் நூறுக்கு அறுபது பேர்கூட வாக்களிக்க வரவில்லை. 1924இல் சட்டம் வந்தது, 1925இல் 91 வீதத்தைத் தாண்டியது. அப்படி வருகிறவர்களில் சிலர் கண்ணை மூடிக்கொண்டு எண் போடுவார்கள் என்பதும் அந்த நாட்டுக்குத் தெரியும். அதனால்தான் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் 1984 முதல் வேட்பாளர் பெயர் வரிசையைக் குலுக்கிப் போடுகிறார்கள். டாஸ்மேனியா மாநிலத் தேர்தலில் சீட்டுக்குச் சீட்டு வரிசையை மாற்றியே அச்சடிக்கிறார்கள். தேர்தல் சனிக்கிழமையில். அன்று வசதியில்லாதவர் முன்கூட்டியே வாக்களிக்கலாம். சனத்தைக் கட்டாயப்படுத்துகிற அரசு தன் பக்கத்து வேலையையும் செய்கிறது.

இங்கே இலங்கையில் கட்டாயம் இல்லை. அப்படியிருந்தும் 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் ஆறரை இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அளித்த வாக்குகளில் 5.65 வீதம். அவுஸ்திரேலியாவில் 2022இல் அது சுமார் 5.2 வீதம். அபராதப் பயமே இல்லாமல், தானாக வந்து வரிசையில் நின்றவர்களின் சீட்டு இவ்வளவு பழுதாகியிருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஜனாதிபதித் தேர்தலில் 2.2 வீதம்தான். இரண்டு மாதத்தில் சனத்தின் அக்கறை குறைந்துவிட்டதா? சீட்டுத்தான் வேறு. பொதுத் தேர்தல் சீட்டில் முதலில் கட்சிச் சின்னத்துக்கு எதிரே புள்ளடி (X) போட வேண்டும், பிறகு கீழே வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களில் மூன்று வரை. சின்னத்தை விட்டுவிட்டு இலக்கத்தில் மட்டும் போட்டால் முழுச் சீட்டும் போச்சு.

அந்தத் தேர்தலுக்கு முதல் வாரம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில், கொப்பித் தாளில் சீட்டு மாதிரி கீறிக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா பேனையை வாங்கி தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி, தனியாக நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்குச் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி போட்டார். இரண்டு போட்டால் செல்லாது அம்மா என்றேன். "ஏன் தம்பி, ரெண்டும் எங்கட பிள்ளையள்தானே, பிரிஞ்சு நிக்கிறது அவையள், நானில்லையே" என்றார். அந்தத் தாளை எண்ணுகிற மண்டபத்தில் பார்க்கிறவர் நிராகரித்த கட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அதை அக்கறையில்லாத வாக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, வராதவர்கள். வன்னியில் வாக்களிப்பு எப்போதும் கட்டளையோடு ஒட்டியே வந்திருக்கிறது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் புறக்கணிப்பு. அன்றைக்கு எங்கள் சனம் சாவடிக்குப் போகவில்லை, யாழ்ப்பாண மாவட்டத்தில் நூறுக்கு ஒருவர்தான் வாக்களித்தார். மகிந்த ராஜபக்சவின் வெற்றி வித்தியாசமோ 1,80,786 வாக்குகள். அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வந்த யுத்த வருடங்களை வன்னிக்காரனான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போகாதே என்று ஒரு காலம் கேட்ட சனத்திடம், இனிப் போகாவிட்டால் தண்டம் என்று இன்னொரு துவக்கு வைத்திருப்பவன் வந்து சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கூலிக்குப் போகிறவருக்குத் தண்டம் என்பது பிள்ளைகளின் ஒரு நாள் சாப்பாடு.

அக்கறையின்மை என்ற சொல்லையும் இங்கே பார்த்துத்தான் பாவிக்க வேண்டும். 2017 ஜனவரி கடைசியில் முல்லைத்தீவுக் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்புச் சனம், கைக்குழந்தைகளோடு, விமானப்படை பிடித்து வைத்திருந்த தங்கள் காணிக்கு முன்னால் வீதியில் உட்கார்ந்தது. பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம் இருந்து மார்ச் முதலாம் திகதி காணியை வாங்கியது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அதே வருடம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உட்கார்ந்தார்கள். இவ்வளவு அரசியல் செய்யத் தெரிந்த சனத்துக்கு வாக்களிக்க மனம் வரவில்லை என்றால், அந்த வாக்கை வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளுக்குத் தபால் வாக்கு இல்லை. கட்டாரில் நிற்பவருக்கு வாக்கே இல்லை. இதைச் சரிசெய்யாமல் கட்டாயம் பற்றிப் பேச ஒருவருக்கும் உரிமை கிடையாது.

அதற்காக உங்கள் மச்சான் வீட்டிலிருந்தது சரி என்று நான் சொல்லவில்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறே ஆசனங்கள். கடைசி ஆசனம், முழு ஆசனத்துக்குப் போதாமல் மிஞ்சிய வாக்கு எந்தக் கட்சிக்குக் கூட என்ற கணக்கில் போகும்போது ஒரு ஊரின் வாக்கு அதைத் திருப்பும். வராதவரின் கோபத்தை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. அவரிடம் அபராதக் கதை கதைக்காதீர்கள். வட மாகாண சபைக்கு 2013இல் ஒரே ஒரு முறை தேர்தல் நடந்தது. 2018இல் காலம் முடிந்த பிறகு, இதை எழுதும்வரை தேர்தலே வைக்கவில்லை. அதை வை என்று கேட்டு ஊரில் ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.